உண்ணிக்குக் கொடுத்த மாத்திரை

எங்கள் நாய் வெள்ளை நிறம். ராஜபாளையத்து நாய். மூக்கும் உதடும் கண்ணைச் சுற்றிய ஓரமும் இளஞ்சிவப்பு. பின்னங்கால்களில் எழுந்து நின்றால் முன்னங்கால்கள் என் தோளில் வந்து உட்காரும். அந்த வெள்ளை உடம்பில் உண்ணியால் ஒளிந்துகொள்ள முடியாது. காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் வாலடியிலும் ஆமணக்கு விதை போல உப்பித் தொங்கும். தெள்ளுப்பூச்சி வேறு. அது கண்ணில் படாது. அவன் வயிற்றைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூலக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய காலி இடம், முழுக்கச் சீமைக்கருவேலம். அங்கே தினமும் ஆடுகள் மேயும். காலையில் நான் அவனை அந்தப் பக்கம்தான் நடக்கக் கூட்டிப்போவேன். உண்ணி அங்கிருந்துதான் வந்தது.

அவன் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தான் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே வலிப்பு உண்டு. இதை இப்படி நேராக எழுத இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே இடம் கிடையாது. "அவளுக்கு மயக்கம் வந்துச்சு," "பித்தம் தலைக்கு ஏறிருச்சு" என்பார்கள். நான் தினமும் போடும் மாத்திரை உளுந்து டப்பாவுக்குள் இருக்கும். சொந்தக்காரர்கள் தங்கியிருந்தால் அம்மா அதை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. சிவகாசியில் வியாபாரக் குடும்பம். அம்மா என் மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டு அனுப்பினாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த வீட்டு அடுப்படியில் விழுந்தேன். பிறகு உறவினர் ஒருவர் வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் அந்தப் பவுடர் டப்பாவைத் திறந்து டீப்பாயின் மேல் வைத்தார். மாத்திரை அட்டைகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. அதற்குப் பிறகும் அம்மா சொன்னாள்: "இதுக்கு முன்னாடி அவளுக்கு இப்பிடி வந்ததே இல்லங்க."

அன்று சாயங்காலமே அப்பாவின் காரில் வீட்டுக்குத் திரும்பினோம்.

சில மாதங்கள் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் அப்பா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அப்பாவுக்குச் சிவகாசியில் சின்ன அச்சுக் கம்பெனி இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறார்கள். அந்த லேபிள் போகிற பெட்டி ஒன்றில் குட்டி உட்கார்ந்திருந்தது. "ஏலே, இதுதான் உன் வீடு. இறங்குலே," என்று அப்பா அதனிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் குட்டிக்குப் பசிக்கும் என்பதற்காகத்தான் நான் முதலில் அறையை விட்டு வெளியே வந்தேன்.

அவனுக்கு மூன்று வயது நடந்தபோதுதான் உண்ணித் தொல்லை அளவுக்கு மீறிப்போனது. காலையில் எடுத்தால் சாயங்காலம் மறுபடியும் இருக்கும். அவன் படுக்கும் கொட்டகையின் சுவர்ப் பிளவுகளில் பொடிப்பொடியாக ஊர்ந்தன. விருதுநகர் பஜாருக்குள் நாய் சாமான் விற்கும் ஒரு கடைக்கு நானும் அம்மாவும் போனோம். கடைக்காரர் மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். குளிப்பாட்டும் சோப்பு, தூவும் பவுடர், அடிக்கிற ஸ்பிரே, கழுத்துப் பட்டை, பிடரியில் விடும் சொட்டு மருந்து, தின்னக் கொடுக்கும் மாத்திரை.

"எத்தன கிலோ இருப்பான்?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை.

"எடை தெரியாமக் கொடுக்கக் கூடாதுங்க. சின்ன நாய்க்குள்ளத பெரிய நாய்க்குப் போட்டா ஒண்ணும் கேக்காது. கூடப் போயிருச்சுன்னா ஒடம்புக்கு ஆகாது. எட போட்டுட்டு, அப்பிடியே டாக்டரையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க."

எடை போட அப்பாவின் கம்பெனிக்குத்தான் போனோம். அங்கே கழிவுக் காகிதம் எடை போடும் பெரிய தராசு மேடை உண்டு. சீசன் நேரம், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. லேபிள் பிரிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மேடையில் ஏற்றினால் அவன் இறங்கினான், மறுபடி ஏற்றினால் மறுபடி இறங்கினான். கடைசியில் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு தானே மேடையில் ஏறி நின்றார். பிறகு தன் எடையைக் கழித்துச் சொன்னார். "ஒரு கட்டு பேப்பரத் தூக்கிரலாம். இவனத் தூக்க முடியல," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். இளவயதுப் பெண், கிளினிக் வைத்துப் புதிது. அவனுடைய காதுகளை மடித்துப் பார்த்தார், ஈறுகளை அழுத்திப் பார்த்தார். பிறகு நிதானமாக எங்களுக்கு விளக்கினார்.

"சோப்பு, பவுடர் எல்லாம் அன்னைக்கு மட்டும்தான். சொட்டு மருந்து நல்லது. ஆனா விட்டதுல இருந்து ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, காயுற வரைக்கும் அந்த எடத்தத் தொடக் கூடாது. பட்டை பல மாசம் வரும். மாத்திரை ரொம்ப சுலபம். தின்னுட்டான்னா ரத்தத்துலயே மருந்து இருக்கும், கடிக்கிற உண்ணி செத்துரும்."

"மாத்திரயே கொடுத்துருங்க டாக்டரம்மா," என்றாள் அம்மா. "எம் பொண்ணு நாள் பூராம் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டுத்தான் இருப்பா. மருந்து அவ மேல பட்டுருச்சுன்னா?"

"கொடுக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவனுக்கு எப்பவாவது ஃபிட்ஸ், வலிப்பு மாதிரி ஏதாவது வந்திருக்கா? வந்திருந்தா…"

டாக்டர் முடிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "இதுக்கு முன்னாடி அப்பிடி வந்ததே இல்லங்க."

அதே வாக்கியம், அதே குரல். ஆனால் நான் அதைச் சந்தேகப்படவில்லை. நாய்க்கு வலிப்பு வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு முறை, நான் அப்பாவோடு கம்பெனிக்குப் போயிருந்த நாட்களில், அவன் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு விழுந்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் பக்கம் வெடிச் சத்தத்துக்கு என்ன குறை? நான் நம்பியிருந்தேன்.

டாக்டர் அவன் எடைக்கு ஏற்ற மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மாட்டிறைச்சி வாடை அடித்தது போலும்; கையில் வைத்ததும் அவன் நக்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான்.

மாத்திரை வேலை செய்தது. மறுநாளே உண்ணிகள் காய்ந்து உதிர ஆரம்பித்தன. அவன் உடம்பைத் தடவினால் வெறும் மயிர்தான் கையில் பட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மதியம், சாப்பிட்டு முடித்து நான் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் ஹாலின் நடுவில் படுத்திருந்தான். எழுந்து நின்றான். எங்கேயோ பார்த்தான். கழுத்து ஒருபக்கமாக இழுத்தது. நின்ற நிலையிலேயே மரக்கட்டை போல விறைத்து, தரை அதிர விழுந்தான். கால்கள் நான்கும் ஓடுவது போல உதைத்துக்கொண்டன. தாடை அடித்துக்கொண்டது. வாயோரம் நுரை தள்ளியது. அவனுக்குக் கீழே சிறுநீர் பரவியது.

நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். அம்மா நிற்கவில்லை. ஸ்டீல் நாற்காலியைக் காலால் தள்ளி அகற்றினாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மடித்த பழைய சேலை ஒன்றை எடுத்து அவன் தலைக்கடியில் கொடுத்தாள். ஃபேனைக் கூட்டினாள். கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். எதையும் தேடவில்லை, எதற்கும் தடுமாறவில்லை. பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவன் முன்னங்காலுக்குள் திணிக்கப் பார்த்தாள். நாய்க்கு ஏது உள்ளங்கை? சாவி நழுவி நழுவித் தரையில் விழுந்தது. அவள் விடாமல் எடுத்தெடுத்து அந்தப் பாதத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போதெல்லாம் என் கையில் சாவியின் தடம் பதிந்திருக்கும். அதை மட்டும்தான் நான் அறிவேன். அந்தத் தடத்துக்கு முன்னால் இந்த ஹாலில் என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள், நான் எப்படி இருப்பேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரால்தான் தன்னுடையதைப் பார்க்க முடியும்? அன்று பார்த்தேன். அம்மா இத்தனை வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அவன் அடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். எங்களை அவனுக்குத் தெரியவில்லை. சுவரில் போய் முட்டினான், திரும்பினான், மறுபடி முட்டினான். அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். கண் திறந்தும் வீடு யாருடையதோ போல இருக்கும், கூப்பிடுகிற குரல் தூரத்தில் கேட்கும், நாக்கு கனக்கும். யாரும் பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருக்கும். நான் பேசாமல் அவனோடு கூடவே நடந்தேன். அவன் முட்டப்போகும் இடங்களில் என் காலை வைத்தேன். கடைசியில் அவன் என் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தான்.

அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இது மூணாவது தடவ."

"வெடிக்கு மெரண்டான்னு சொன்னியேம்மா."

"ஆமா. அப்பிடித்தான் சொன்னேன்."

"டாக்டர் கேட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

துணியைப் பிழிந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கேள்விய யாரு கேட்டாலும் என் வாயி தன்னால அப்பிடித்தான் சொல்லுது தாயி. நான் யோசிச்சுச் சொல்லல."

நான் அவளைத் திட்ட நினைத்திருந்தேன். திட்டவில்லை.

அன்று சாயங்காலமே அப்பா காரை எடுத்தார். டாக்டர் எங்களைக் கோபிக்கவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. "முன்னாடி வந்திருக்குன்னு தெரிஞ்சா நான் இந்த மாத்திரையத் தொட்டிருக்கவே மாட்டேன். உள்ள போன மருந்த வெளிய எடுக்க முடியாதும்மா. கொஞ்ச வாரம் உடம்புல இருக்கத்தான் செய்யும். அது வரைக்கும் வலிப்புக்கு மருந்து கொடுத்துப் பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதினார். "இது மனுஷங்களுக்குக் கொடுக்கிறதுதான். மெடிக்கல்ல கிடைக்கும்."

அந்தப் பெயரைப் பார்த்தேன். என் உளுந்து டப்பா மாத்திரைதான்.

"தெரியும் டாக்டர்," என்றேன். "நானும் இதத்தான் சாப்பிடுறேன்."

அப்பா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்தாள். வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப உங்களுக்குத்தான் இவன நல்லாப் பாத்துக்கத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரங்களில் அவனுக்கு இன்னும் சில முறை வந்தது. ஒவ்வொரு முறை விழுந்து எழுந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தான். என்னுடைய மாத்திரை அவனை ஒரே தூக்கமாக வைத்திருந்தது. அவனுடைய அட்டை ஃபிரிட்ஜின் மேல் திறந்தபடி கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டால், அம்மா தயங்காமல், "நாய்க்கு வலிப்பும்மா, அதுக்குத்தான்," என்பாள். என்னுடையது இன்னும் உளுந்துக்குள்தான் இருந்தது. இரண்டும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய அட்டைகள்.

உண்ணி மாத்திரையின் வேகம் குறையக் குறைய வலிப்பும் குறைந்தது. உண்ணி திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர் பட்டையும் சொட்டு மருந்தும் போதும் என்று சொல்லி, கொட்டகையைக் காலி செய்து பிளவுகளைப் பூசச் சொன்னார். அப்பா கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்தார். ஆடு மேயும் பக்கம் நடப்பதை நான் நிறுத்தினேன். தினமும் காலையில் நானும் அம்மாவும் அவனை நடுவில் படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து உண்ணி பார்ப்போம். பிடுங்கியதை சோப்புத் தண்ணீர் டம்ளரில் போடுவோம். இரண்டு பேருடைய கையும் வேலையாக இருக்கும். கண்ணும் கீழே இருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் என்னால் கேட்க முடிந்தது.

"நானும் இப்படித்தான் இருப்பேனாம்மா?"

அவள் அவனுடைய காதை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள். "கால இம்புட்டு ஒதைக்க மாட்ட. கண்ணு தொறந்தே இருக்கும். என்னயப் பாக்குற மாதிரியே இருக்கும். ஆனா பாக்க மாட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். மொதத் தடவ, நீ சின்னப் புள்ள, பாவாட சட்ட போட்டு ஸ்கூலுக்குக் கெளம்பி நின்ன. கீள விளுந்துட்ட. செத்துட்டன்னே நெனச்சேன். ஒவ்வொரு தடவயும் அப்பிடித்தான் நெனைக்கேன். பளகவே மாட்டேங்குது."

நான் விழும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வலிகூட எழுந்த பிறகுதான். எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவள் ஒருத்தியே அதைத் தாங்கியிருக்கிறாள் என்பது, கையில் உண்ணியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஏன் எல்லோரிடமும் இல்லை இல்லை என்றே சொல்லி வந்தாள் என்று எனக்கு இன்னும் முழுக்கப் புரியவில்லை. ஆனால் கோபம் அன்றோடு போய்விட்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் புல் முளைத்தது. பட்டை இருந்தும், சொட்டு மருந்து விட்டும், நாங்கள் தினமும் பார்த்தும், எங்கோ ஓர் உண்ணி தப்பியிருக்க வேண்டும். அவன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினான். மறுநாள் ஈறுகள் வெளுத்திருந்தன. மூக்கில் ரத்தம் கசிந்து அந்த இளஞ்சிவப்பு உதட்டில் காய்ந்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உண்ணிக் காய்ச்சல் என்றார். தினமும் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம்.

மேசையில் அவன் படுத்திருக்கும்போது அம்மா கேட்டாள்: "அந்த மாத்திரயவே தொடர்ந்து கொடுத்திருந்தா இது வந்திருக்காதோ டாக்டரம்மா?"

"வந்திருக்காமப் போயிருக்கலாம். ஆனா வலிப்புலயே போயிருப்பான். இவனுக்கு ரெண்டு பக்கமும் கஷ்டம்தாம்மா. நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கீங்க."

அம்மா தலையாட்டினாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கவில்லை.

கடைசி நாள் டிரிப்ஸ் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அவன் தலை அம்மாவின் மடியில், உடம்பு என் மடியில். அவ்வளவு பெரிய நாய், கனமே இல்லை. ஆமத்தூர் தாண்டுவதற்கு முன்னால் அவன் ஒரு நீண்ட மூச்சு விட்டான். அடுத்த மூச்சுக்காக நான் காத்திருந்தேன். "வண்டிய நிறுத்துங்க," என்றாள் அம்மா. அப்பா ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

ஆனைக்குட்டம் பக்கம் அப்பாவுக்கு ஒரு காலி மனை இருக்கிறது. வண்டியை அங்கே திருப்பினார். கம்பெனியிலிருந்து இரண்டு ஆட்களை வரச் சொன்னார். ஈர மண், சீக்கிரமாகவே தோண்டிவிட்டார்கள். இறக்குவதற்கு முன்னால் அம்மா அவன் கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். அதில் இன்னும் சில மாதங்களுக்கு மருந்து இருந்தது. அதைத் தூக்கி எறியவும் மனசில்லாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், கடைசியில் அவனோடேயே போட்டுவிட்டாள். அப்பா முதல் மண்ணைத் தள்ளும்போது, "போயிட்டு வாலே," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் திரும்பி வந்த நாளில்கூட அவர் அழவில்லை.

தை பிறந்த பிறகு எனக்கு ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், தூத்துக்குடியில் வியாபாரம். அவருடைய அக்கா போனில் அம்மாவிடம் பேசினாள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படிப்பு, வயது, முதல் கல்யாணம் ஏன் நிலைக்கவில்லை என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அம்மாவின் பதில்கள் மட்டும் கேட்டன.

"எம் பொண்ணுக்கு வலிப்பு உண்டுங்க," என்றாள் அம்மா. "சின்ன வயசுலருந்தே இருக்கு. தெனமும் மாத்திர போடுறா. அதச் சொல்லாமக் கட்டிக் கொடுத்தோம், அதான் திரும்பி வந்துட்டா. நீங்க யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

நான் துணியை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"கலந்து பேசிட்டுக் கூப்பிடுறோம்னாக."

அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மாதம் முழுக்க போன் அடித்தால் அம்மாதான் முதலில் எழுந்து போனாள்.